எது நல்ல எண்ணெய்?

நல்லது என்றால் யாருக்கு நல்லது, எதற்கு நல்லது என்ற கேள்விக்கு, பிளேட்டோவின் ‘புரோட்டாகரஸ்’ உரையாடலில் எண்ணெயே எடுத்துக்காட்டாக வருகிறது. மனிதருக்குப் பயன்படுவதைத்தான் நல்லது என்கிறீர்களா என்று சாக்ரடீஸ் கேட்கிறார். புரோட்டாகரஸ் நீளமாகப் பதில் சொல்கிறார். மனிதருக்கு ஆகாதது குதிரைக்கு ஆகும், மாட்டுக்கு ஆகும். எந்த விலங்குக்கும் உதவாதது மரத்துக்கு உதவும். எருவை வேரில் இட்டால் மரம் தழைக்கும், அதையே தளிரில் கொட்டினால் கருகும். ஆலிவ் எண்ணெய் செடிகொடிகளுக்குக் கேடு, மற்ற விலங்குகளின் மயிருக்கும் கேடு, மனிதனின் முடிக்கும் மேனிக்கும் நன்மை. அந்த மனித உடலிலும் வெளியே பூசினால் நல்லது, நோயாளியின் வயிற்றுக்குள் போனால் ஆகாது. வைத்தியர்கள் வாசனைக்குச் சில துளிகள்தான் அனுமதிப்பார்கள். கூடியிருந்தவர்கள் ஆரவாரம் செய்தார்கள். சாக்ரடீஸோ, தமக்கு மறதி அதிகம், இத்தனை நீளமான பேச்சு நினைவில் நிற்காது என்று சொல்லிப் பேச்சைத் திருப்பிவிட்டார். எண்ணெயின் விஷயம் அங்கே அந்தரத்தில் நின்றுவிட்டது.

அதை வேறோர் எண்ணெயைக் கொண்டு தொடரலாம். அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ், குளிர்காலத்தில் மைனஸ் 40 டிகிரி வந்துபோகும் ஊர். செல்சியஸில் சொன்னாலும் ஃபாரன்ஹீட்டில் சொன்னாலும் ஒரே எண்ணாக வரும் குளிர் அது. அப்படிப்பட்ட ஊரில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர் எந்த என்ஜின் ஆயில் சிறந்தது என்று விசாரித்தால் இரண்டு வகைப் பதில்கள் கிடைக்கும். சிறந்தது என்று ஒன்று இருக்கிறது, விலை கூடியதாகவும் பந்தயக்காரர்கள் ஊற்றுவதாகவும் இருக்கும், அதை வாங்கினால் போதும் என்பது ஒன்று. அவரவர் காருக்கு அவரவர் ஆயில், இதில் சரி தவறு ஏது என்பது மற்றது. முதல் பதில் நன்மையைப் பொருளுக்குள்ளேயே அடைத்துவைக்கிறது. இரண்டாவது அதைச் சொல்பவரின் மனத்துக்குள் கொண்டுபோய்விடுகிறது. இரண்டுமே தவறு என்பதை அந்த ஊர்க் குளிர் மிகத் தெளிவாகக் காட்டிவிடும்.

முதலில், ஆயில் என்ன வேலை செய்கிறது என்பது. உரசும் இரண்டு இரும்புகளுக்கு நடுவே வழுக்கலாக இருப்பது என்றுதான் பொதுவாக நினைப்பு. 1883-ல் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர், ரயில் அச்சுகளின் பேரிங் ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காக மேற்பகுதியில் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் அந்தத் துளை வழியே எண்ணெய் மேலே பொங்கி வந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரச்செருகால் அடைத்தார், அதுவும் நிற்கவில்லை. அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோது, பேரிங்கின் மேலிருந்த சராசரிச் சுமையைப் போல் இரு மடங்குக்கும் மேலான அழுத்தம் எண்ணெய்க்குள் இருந்தது. சுழலும் அச்சு, எண்ணெயைத் தானே ஆப்பு போல உள்ளே இழுத்து, அதன் மேல் மிதக்கிறது; உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. இதற்கான கணிதத்தை 1886-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் எழுதினார். அந்தக் கட்டுரைக்காக அவர் வெவ்வேறு வெப்பநிலைகளில் பாகுநிலையை அளந்து பார்த்த திரவம் எது என்பது கட்டுரையின் தலைப்பிலேயே இருக்கிறது: ஆலிவ் எண்ணெய். புரோட்டாகரஸ் விட்ட இடத்தில் ரெனால்ட்ஸ் எடுத்தார் என்று சொன்னால் அது வெறும் சொல்விளையாட்டு ஆகாது. யாருக்கு நல்லது என்று பட்டியல் போட்டவரைத் தாண்டி, எவ்வளவு சூட்டில் எவ்வளவு கெட்டி என்று எண்ணால் சொல்லும் நிலைக்குப் பேச்சு வந்துவிட்டது.

ரெனால்ட்ஸ் கண்டதன் சாரம், சூடு ஏற ஏறப் பாகுநிலை படுவேகமாகக் குறையும், குளிரக் குளிர ஏறும் என்பது. குளிரில் எண்ணெய் என்ன ஆகும் என்பதைத் தமிழ் வீடுகளில் மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் புட்டி காட்டிவிடும். வெயிலில் வைத்தால்தான் இளகும். அவசரத்துக்குக் கரண்டிக் காம்பை விட்டு நோண்டினால், எடுத்த இடத்தில் குழி விழும். சுற்றியிருக்கும் எண்ணெய் வந்து அந்தக் குழியை நிரப்பாது. இந்தக் குழியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

புட்டியில் இருக்கும் 0டபிள்யூ-40, 5டபிள்யூ-30 போன்ற எழுத்துகள் அமெரிக்கப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ-யின் ஜே300 என்ற தரநிர்ணயத்திலிருந்து வருபவை. டபிள்யூ என்பது வின்டர்; எடையைக் குறிக்கும் வெயிட் என்று பலர் நினைப்பது தவறு. முன் எண் குளிருக்கு, பின் எண் சூட்டுக்கு. 0டபிள்யூ என்று போட வேண்டுமானால், மைனஸ் 35 டிகிரியில் ஸ்டார்ட்டர் சுற்றும்போது பாகுநிலை 6,200 மில்லிபாஸ்கல்-விநாடியைத் தாண்டக் கூடாது. மைனஸ் 40-ல் ஆயில் பம்ப் இழுக்கும் நிலையில் 60,000-ஐத் தாண்டக் கூடாது. அறை வெப்பத்தில் தண்ணீருக்கு அந்த அளவு வெறும் 1. 5டபிள்யூ-க்கு இதே சோதனைகள் ஐந்து டிகிரி மேலே, அதாவது மைனஸ் 30, மைனஸ் 35-ல் நடக்கும்; 10டபிள்யூ-க்கு இன்னும் ஐந்து மேலே. மறுபுறம் 40 என்ற பின் எண், 100 டிகிரியில் பாகுநிலை 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருப்பதைச் சொல்கிறது. அதோடு 150 டிகிரியில் கடும் உராய்வுக்கு நடுவே எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. ஆக 0டபிள்யூ-40 என்ற ஒரே ஆயில், பம்ப்பின் வாயில் கூழாக இருந்த காலையிலிருந்து மலைப்பாதையில் விரட்டும் மதியம் வரைக்கும் சில ஆயிரம் மடங்கு மாறிப்போகிறது.

வேலையே இங்கே இரண்டாகப் பிரிந்து ஒன்றுக்கொன்று எதிராக நிற்கிறது. காலையில் அது ஓட வேண்டும். ஸ்டார்ட் செய்த கணத்தில் பேரிங்கில் இருப்பது முந்தின நாள் ஒட்டிக்கொண்டிருந்த ஈரம் மட்டுமே. என்ஜினின் அடித்தொட்டியான சம்ப்பிலிருந்து ஆயில் மேலேறி கேம்ஷாஃப்டையும் டர்போவின் அச்சையும் சேரும் வரை உலோகம் உலோகத்தைத் தொடும். தேய்மானத்தைத் தடுக்கச் சேர்க்கும் துத்தநாகக் கூட்டுப்பொருளும் சூடு பட்ட பின்தான் பரப்பில் படலமாகப் படியும். ஆகவே குளிருக்கு மெல்லியது வேண்டும். மதியம் அதே ஆயில் தாங்க வேண்டும். அதிவேக என்ஜினில், நெருக்கமான பேரிங்கில், உயர்ந்த சுழற்சியில் ஆயிலின் சூடு 120 டிகிரியைத் தாண்டலாம்; அங்கே மெல்லியது கிழிந்துபோகும். சாதாரணக் காரில் இந்த இரு முனைகளும் இவ்வளவு தொலைவில் இருப்பதில்லை. ஸ்போர்ட்ஸ் காரும் ஆர்க்டிக் குளிரும் சேரும்போதுதான் கயிறு இரண்டு பக்கமும் முழுமையாக இழுபடுகிறது.

இப்படிப்பட்ட இடத்தில் நடுவழி என்ற சொல் உடனே நாவில் வரும். அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலின் இரண்டாம் பகுதியில் நடுவைப் பற்றிப் பேசும்போதே ஓர் எச்சரிக்கையும் வைக்கிறார். பத்து அளவு உணவு அதிகம், இரண்டு குறைவு என்றால், பயிற்சியாளர் எல்லாருக்கும் ஆறு என்று விதித்துவிட மாட்டார். மல்லன் மைலோவுக்கு அது போதாது, புதிதாகப் பயிற்சிக்கு வந்தவனுக்கு மிகை. எண்கணித நடு வேறு, ஆளைப் பொறுத்த நடு வேறு. ஆயிலிலும் 0டபிள்யூ-வுக்கும் 10டபிள்யூ-வுக்கும் நடுவே 5டபிள்யூ இருக்கிறதே என்று எடுத்துக்கொள்வது ஆறு அளவு சோறு போடுவதுதான். மைனஸ் 38-ல் காரை வெளியே நிறுத்தும் ஒருவருக்கு 5டபிள்யூ நடுவே அல்ல. அதன் பம்ப் சோதனை மைனஸ் 35-லேயே முடிந்துவிட்டது. அதற்குக் கீழே அது என்ன செய்யும் என்று அந்த எழுத்து உறுதி தரவில்லை. தவிர, இன்றைய ஆயில்கள் நடுவைக் கொண்டு பிழைப்பவையும் அல்ல. குளிரில் சுருண்டும் சூட்டில் விரிந்தும் நிற்கும் பாலிமர் இழைகளைச் சேர்த்து, இரண்டு கோடிகளிலும் ஒரே ஆயிலை நிற்கவைக்கிறார்கள். அதற்கும் விலை உண்டு: நெருக்கமான இடத்தில் வேகமாக அரைபடும்போது அந்த இழைகள் அறுந்து, 40 என்று வாங்கியது போகப்போக 30-ஐ நோக்கி இறங்கும். கோடிகள் எவ்வளவு அகலமோ அந்த அளவுக்கு இந்த இழைகளை நம்ப வேண்டியிருக்கும். நல்ல அடிப்படை எண்ணெய் இந்த நம்பிக்கையின் தேவையைக் குறைக்கும்.

நன்மை பொருளுக்குள் மட்டும் இல்லை என்பது இதுவரை சரிதான். பிளேட்டோவின் ‘பெரிய ஹிப்பியாஸ்’ உரையாடலிலும் இதே கருத்து சமையலறையில் வருகிறது: பருப்புக் கஞ்சியைக் கிளறத் தங்க அகப்பை பொருத்தமா, அத்தி மர அகப்பை பொருத்தமா? பானையை உடைக்காத அத்தி மரம்தான் பொருத்தம். பிரிட்டிஷ் தத்துவர் பீட்டர் கீச் 1956-ல் எழுதிய கட்டுரையில் இதை இலக்கணமாகவே சொன்னார். சிவப்புக் கார் என்றால் சிவப்பு தனி, கார் தனி. தூரத்திலிருந்து சிவப்பை ஒருவர் பார்க்கலாம், கார் என்பதை இன்னொருவர் பார்க்கலாம், இரண்டையும் கூட்டிக்கொள்ளலாம். நல்ல கார் என்றால் அப்படிப் பிரிக்க முடியாது. கார் என்ற சொல் வந்த பின்தான் நல்ல என்பதற்கு அர்த்தமே பிறக்கிறது. அவர் சொன்னதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: ஆயிலுக்கு ஆயில் என்ற பெயர்ச்சொல்லும் போதாது. எந்த என்ஜின், எந்தக் குளிர், எந்த ஓட்டம் என்பதெல்லாம் வந்த பின்தான் நல்ல என்பது வாய் திறக்கும். திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்பதைத் தமிழ் வாசகர் இங்கே நினைத்துக்கொள்வார். அவை அரசனின் செயலுக்குச் சொல்லப்பட்டவை, ஆயிலுக்கு அல்ல; ஆனாலும் வரிசை அப்படியே பொருந்துகிறது.

இங்கிருந்து ஒரு வழுக்கல் இருக்கிறது. எல்லாம் சார்ந்ததுதானே, அப்படியானால் எல்லாம் அபிப்பிராயம்தானே என்று பலர் அடுத்த அடி வைத்துவிடுகிறார்கள். புரோட்டாகரஸின் பெயரிலேயே இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. மனிதனே எல்லாவற்றுக்கும் அளவு என்ற அவரது கொள்கையை ‘தியேட்டிட்டஸ்’ உரையாடலில் சாக்ரடீஸ் காற்றை வைத்து விளக்குகிறார்: ஒரே காற்று வீசும்போது ஒருவர் நடுங்குகிறார், இன்னொருவருக்கு ஒன்றும் தெரியவில்லை, நடுங்குபவருக்கு அது குளிர், மற்றவருக்குக் குளிரில்லை. எண்ணெயும் காற்றும் ஒரே ரக எடுத்துக்காட்டு போலத் தோன்றும். ஆனால் எண்ணெயின் சார்பு பொருளுக்கும் பொருளுக்கும் இடையே உள்ளது. செடி என்ன நினைக்கிறது என்பதால் எண்ணெய் அதைக் கொல்வதில்லை. காற்றின் சார்பு உணர்கிறவரோடு உள்ளது.

இந்த வேறுபாட்டை ஃபேர்பேங்க்ஸ் போன்ற ஊரின் வானிலை அறிக்கையே ஒவ்வொரு நாளும் எடுத்துக்காட்டுகிறது. அறிக்கையில் இரண்டு எண்கள் இருக்கும்: காற்றின் உண்மையான வெப்பநிலை ஒன்று, காற்று வீசுவதால் தோலுக்கு எப்படித் தெரியும் என்பது இன்னொன்று. மைனஸ் 30, காற்றோடு சேர்த்து மைனஸ் 43 போல இருக்கும் என்று படித்ததும் பலர் ஆயிலையும் மைனஸ் 43-க்குத் தேர்ந்தெடுக்கப் பார்ப்பார்கள். நிறுத்திவைத்த என்ஜினுக்குத் தோல் இல்லை. பலத்த காற்று அதை விரைவாகக் குளிர வைக்கும். விடிய விடிய வீசினாலும் மைனஸ் 30-க்குக் கீழே ஓர் இம்மியும் கொண்டுபோகாது. காதுமடலை மூடிக்கொள்ள இரண்டாவது எண், ஆயிலுக்கு முதல் எண். சார்ந்திருப்பது என்பது மனத்தைச் சார்ந்திருப்பது அல்ல என்பதற்கு இதைவிட எளிய நிரூபணம் தேட வேண்டியதில்லை. பின்லாந்தின் தத்துவர் யோர்க் ஹென்ரிக் வான் ரைட், நன்மையின் வகைகளைப் பற்றி 1963-ல் எழுதிய நூலில், கருவியின் நன்மையைத் தனி வகையாகவே பிரித்தது இதனால்தான் முக்கியமாகிறது. நல்ல கத்தி எது என்பது வேலையைப் பொறுத்தது. வேலையைச் சொல்லிவிட்ட பின், அது வெட்டுகிறதா இல்லையா என்பதில் விருப்பு வெறுப்புக்கு இடம் குறைவு.

அப்படியானால் அளந்துவிட்டால் போதும் என்று தோன்றலாம். அளவையும் சோதனையும் எவ்வளவு தூரம் பொருளைப் பிடிக்கும் என்பது அடுத்த சிக்கல். 1980-81 குளிர்காலத்தில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் உள்ள சூ ஃபால்ஸ் நகரில் பல என்ஜின்கள் ஆயில் கிடைக்காமல் கெட்டுப்போயின. அவற்றில் இருந்தது கலப்படமோ பழைய ஆயிலோ அல்ல. அன்றைய தரநிர்ணயச் சோதனையில் தேறிய ஆயில். தேர்வில் தேறியது தெருவில் தோற்றது. காரணம் குளிரின் ஆழத்தில் இல்லை, குளிர்ந்த விதத்தில் இருந்தது. சோதனைக்கூடத்தில் ஆயிலை ஒப்பீட்டளவில் விரைவாகக் குளிர்வித்து அளந்தார்கள். ஊரில் அது மெதுவாக, ஏறி இறங்கிக் குளிர்ந்தது. மெதுவாகக் குளிரும்போது ஆயிலில் எஞ்சியிருக்கும் மெழுகுக்குப் பெரிய படிகங்களாகக் கோத்துக்கொள்ள நேரம் கிடைக்கிறது. படிகங்கள் வலை பின்ன, ஆயில் கூழ்க்கட்டியாக உறைகிறது. பம்ப் இழுத்ததும் குழாயின் வாயைச் சுற்றியிருந்த கொஞ்சம் ஆயில் உள்ளே போகிறது, அந்த இடத்தில் குழி விழுகிறது, பக்கத்து ஆயில் அதை நிரப்ப வருவதில்லை. பிறகு பம்ப் இழுப்பது காற்றை. தேங்காயெண்ணெய்ப் புட்டியில் கரண்டிக் காம்பு விட்ட அதே குழிதான்.

இதன் பின் சோதனை மாற்றப்பட்டது. இப்போது ஆயிலை 80 டிகிரிக்குச் சூடாக்கி, 45 மணி நேரத்துக்கும் மேலாக, வகுத்த வேகத்தில் மெல்ல மெல்லக் குளிர்வித்து, பின்புதான் அளக்கிறார்கள். பாகுநிலை எல்லைக்குள் இருந்தால் மட்டும் போதாது. அசைவதற்கு முன் ஒரு குறைந்தபட்ச உந்துதலைக் கேட்கும் கட்டித்தன்மை துளியும் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. 6,200, 60,000 என்ற எண்களைப் பார்த்தவர்கள் அவற்றை இயற்கை விதிகள் போல எடுத்துக்கொள்வது இயல்பு. அந்த எண்களுக்குப் பின்னால் இருப்பது, பழுதான என்ஜின்கள் கற்றுக்கொடுத்த பாடம். அளவுகோல் உலகத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளப்பட்டது என்பதே, உலகம் அளப்பவரின் கருத்துக்கு வெளியே இருக்கிறது என்பதற்குச் சான்று. ஆயிலின் நன்மை மனிதனின் அபிப்பிராயம் என்றால் சூ ஃபால்ஸில் எதுவும் கெட்டிருக்காது. எல்லாருடைய அபிப்பிராயமும் ஆயில் நல்லது என்பதாகத்தானே இருந்தது.

பெயரும் அளவைப் போலவே சிக்கலானது. கடுங்குளிருக்கு சிந்தெடிக் ஆயில் என்பது ஏறக்குறைய எல்லாரும் சொல்லும் அறிவுரை, பொதுவாகச் சரியும்கூட. பாலிஆல்ஃபாஓலெஃபின் என்ற, சிறு மூலக்கூறுகளைக் கோத்துச் செய்த எண்ணெயில் மெழுகே கிடையாது; மைனஸ் 50-க்குக் கீழும் அது ஓடும். ஆனால் சிந்தெடிக் என்ற சொல் எதைக் குறிக்கிறது? கச்சா எண்ணெயிலிருந்து வந்ததையே ஹைட்ரஜனால் கடுமையாகச் சுத்திகரித்து மூலக்கூறுகளை மாற்றியமைத்த எண்ணெயையும் காஸ்ட்ரால் நிறுவனம் அந்தப் பெயரில் விற்றது. அப்படிச் செய்வது தவறு என்று போட்டி நிறுவனமான மொபில் முறையிட, 1999-ல் அமெரிக்காவின் விளம்பர ஒழுங்கு அமைப்பு காஸ்ட்ராலின் பக்கம் முடிவு சொன்னது. அது முதல் அங்கே அந்தச் சொல் பிறப்பைச் சொல்வதை விட்டுவிட்டது. தமிழருக்கு இது புதிதல்ல. எள்ளின் நெய்தான் எண்ணெய். இன்று கடலை எண்ணெய், மண்ணெண்ணெய் என்று எள்ளே இல்லாமல் அந்தச் சொல் நன்றாக வாழ்கிறது. சொல்லை நம்பி வாங்குவதைவிட, புட்டியின் முன் எண்ணையும் கார்த் தயாரிப்பாளரின் ஒப்புதல் குறியையும் பார்ப்பது மேல். 0டபிள்யூ என்ற தேர்வைத் தாண்டிவிட்ட ஆயில் எந்த வழியில் பிறந்தது என்பது, குளிரைப் பொறுத்தமட்டில், இரண்டாம் பட்சம்.

இவ்வளவும் சொல்லப்பட்டாலும், காரின் சொந்தக்காரர் இவற்றில் எதையும் தம் கண்ணால் பார்ப்பதில்லை. பேரிங்குக்கும் கிராங்க் ஷாஃப்டுக்கும் இடையிலான படலம் கண்ணுக்கு எட்டாது. தேய்மானம் ஒரு காலையில் தெரியாது. ஆயிரம் காலைகள் சேர்ந்தால் ஒருநாள் சத்தமாகக் கேட்கும், அப்போது தேர்வு செய்ய ஒன்றும் மிச்சம் இருக்காது. காட்சி உதவாத இடத்தில் கருதலும் பிறர் உரையும்தான் வழி. இந்தியத் தத்துவத்தின் நியாய மரபு உரையை அறிவின் தனி வாயிலாக ஏற்று, யாருடைய உரை என்பதற்கு ஒரு வரையறையும் தந்தது: பொருளை நேரே அறிந்தவர், அறிந்தபடியே சொல்ல விரும்புபவர். நியாய சூத்திரத்துக்கு வாத்ஸ்யாயனர் எழுதிய விளக்கம், இந்த இலக்கணம் முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்றும் சேர்க்கிறது. மெக்கானிக்குக்கும் பொது என்று தாராளமாக நீட்டலாம்.

வரையறையின் இரண்டு பாதிகளும் இங்கே வேலை செய்கின்றன. காரோடு வரும் கையேட்டை எழுதியவர்கள் அந்த என்ஜினை அறிந்தவர்கள். பேரிங் இடைவெளி, பம்ப்பின் திறன், டர்போவின் சூடு எல்லாம் அவர்கள் கையில் இருக்கின்றன. போர்ஷே தன் ஏ40 ஒப்புதலில் 0டபிள்யூ-40, 5டபிள்யூ-40 ஆயில்களை ஏற்றதும், நிசான் தன் ஜிடி-ஆர் காருக்கு 0டபிள்யூ-40 குறிப்பிட்டதும் அந்த அறிவின் விளைவு. அறிந்தபடியே சொல்கிறார்களா என்பதில் மட்டும் ஒரு நுணுக்கம் உண்டு. எரிபொருள் சிக்கன விதிகள் இறுக இறுக, சாதாரணக் கார்களுக்கு 0டபிள்யூ-20 போன்ற மிக மெல்லிய ஆயில்கள் விதிக்கப்பட்டன. அந்தச் சொல்லில் என்ஜினின் ஆயுள் பற்றிய அறிவோடு சிக்கனக் கணக்கும் கலந்திருக்கிறது. இதனால் கையேடு பொய் என்று ஆகாது. அது எந்தக் கேள்விக்குப் பதில் என்பதைப் படிப்பவர் கவனிக்க வேண்டும். முன் எண்ணில் தயாரிப்பாளருக்கும் சொந்தக்காரருக்கும் நலன் மாறுபட அனேகமாகக் காரணமே இல்லை. பின் எண்ணில் மாறுபடலாம். ஆகவே கடுங்குளிரில் முன் எண்ணைக் குறைப்பதற்குத் தயங்க வேண்டியதில்லை, பின் எண்ணைக் கையேட்டை மீறிக் குறைப்பதற்கு நிறையத் தயங்க வேண்டும். குளிர்நாடு என்பதற்காக 40 கேட்கும் என்ஜினில் 20 ஊற்றுபவர், சூடான பின் என்ஜினுக்குள் வெளியூர்க் குளிர் இல்லை என்பதை மறந்துவிடுகிறார்.

சில என்ஜின்களில் முன் எண்ணே இறங்க மறுக்கும். பிஎம்டபிள்யூ-வின் எம் பிரிவு, நிமிடத்துக்கு எட்டாயிரம் சுற்று வரை போகும் சில என்ஜின்களுக்கு 10டபிள்யூ-60 ஆயிலை விதித்தது. பந்தயத் தடத்துக்கு அது பொருத்தம். அதன் ஸ்டார்ட் சோதனை மைனஸ் 25-லும், பம்ப் சோதனை மைனஸ் 30-லும் முடிந்துவிடுகிறது. மைனஸ் 38 காலைக்கு அந்த எழுத்தில் எந்த வாக்குறுதியும் இல்லை. காருக்கு நல்லது ஊருக்கு ஆகாது, ஊருக்கு நல்லது காருக்கு ஆகாது. புரோட்டாகரஸ் பட்டியலில் இப்படி ஒரு முட்டுச்சந்து இல்லை. அவர் எண்ணெயை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத்தான் வைத்துப் பார்த்தார்.

பொருத்தம் ஒன்றுக்கு மேற்பட்ட முனைகள் உள்ள உறவு. ஒரு முனையை மாற்ற முடியாவிட்டால் மற்றதை மாற்றலாம். வடக்கு டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸில் ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்பவர், என்ஜினைச் சூடாக வைத்திருக்கும் மின் ஹீட்டருக்கு 1949-ல் காப்புரிமை பெற்றார். அந்த வகை ஹீட்டர் இன்று வட அமெரிக்கக் குளிர்ப் பிரதேசங்களில் சாதாரணம். காரின் முகப்பிலிருந்து ஒரு பிளக் வயர் தொங்கும். ஃபேர்பேங்க்ஸின் வண்டி நிறுத்தங்களில் வரிசை வரிசையாக மின்சாரப் பெட்டிகள் நிற்கும். ஓட்டுநர் இறங்கியதும் குதிரையைக் கட்டுவது போலக் காரைச் செருகிவிட்டுப் போவார். அங்கே ஆயில் மாறவில்லை, குளிர்தான் என்ஜினுக்கு வெளியே நிறுத்தப்பட்டது. சைபீரியாவின் யாகுட்ஸ்க்கில் சூடேற்றிய கொட்டகை இல்லாதவர்கள் என்ஜினை அணைக்காமலே விடுவதும், தடித்த போர்வையால் மூடுவதும் இதன் வேறு வடிவங்கள். ஹீட்டரிலும் ஒன்று கவனிக்க வேண்டும். அது பெரும்பாலும் என்ஜின் பிளாக்கின் குளிர்நீரைத்தான் சூடாக்கும். சம்ப்பில் கிடக்கும் ஆயிலுக்கு அடியில் ஒட்டும் தனிப் பட்டை ஹீட்டர் வேண்டும். டிரை சம்ப் வைத்த ஸ்போர்ட்ஸ் காரிலோ ஆயில் என்ஜினை விட்டுத் தள்ளி, தனித் தொட்டியில், நீண்ட குழாய்களின் மறுகோடியில் இருக்கிறது. பிளாக் வெதுவெதுப்பாக இருக்க, தொட்டி ஊரின் குளிரிலேயே உறைந்திருக்கும். அப்படிப்பட்ட காருக்குச் சூடான கொட்டகைதான் நிஜமான தீர்வு. அது இல்லாவிட்டால் அந்தக் காலைக்கு வேறு வண்டியை எடுப்பது.

ஓட்டம் மூன்றாவது முனை. மீட்டரில் குளிர்நீரின் முள் நடுவுக்கு வந்ததும் என்ஜின் தயார் என்று நினைப்பது பரவலான பழக்கம். ஆயில் அதைவிட வெகுநேரம் பின்தங்கியே சூடாகும். கடுங்குளிரில் இந்த இடைவெளி இன்னும் நீளும். அதே எம் பிரிவின் சில கார்களில் சுழற்சி மீட்டரைச் சுற்றிச் சிறு விளக்குகள் இருந்தன. ஆயில் குளிர்ந்திருக்கும்போது மேல் சுழற்சிகளுக்கு எதிரே அவை எரியும். ஆயில் சூடேற ஏற ஒவ்வொன்றாக அணைந்து, எல்லை மேலே நகரும். தகுதி என்பது காரில் எழுதிவைத்த ஒற்றை எண் அல்ல, அந்த நிமிடத்து ஆயிலோடு சேர்ந்து நகர்வது என்பதை ஓட்டுநர் கண்ணெதிரே காட்டிய ஏற்பாடு அது. இத்தகைய விளக்கு இல்லாத காரில், பாதி சுழற்சிக்கு மேல் போகாமல் பதினைந்து இருபது நிமிடம் நிதானமாக ஓட்டுவதே அதன் வேலையைச் செய்யும்.

நிதானமாக ஓட்டிப் பழகியவர்களுக்கும் குளிர்காலம் கடைசியில் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. கார் வீட்டிலிருந்து கடைக்கும் கடையிலிருந்து வீட்டுக்கும் மட்டும் போகிறது என்றால் ஆயில் முழுச் சூட்டை எட்டுவதே இல்லை. குளிர்ந்த என்ஜினில் முழுதும் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலில் கலக்கிறது. எரிதலில் பிறந்த நீராவி உள்ளே குளிர்ந்து தண்ணீராகத் தங்குகிறது. நீண்ட ஓட்டத்தில் இரண்டும் ஆவியாகிப் போயிருக்கும். போகாதபோது, நவம்பரில் ஊற்றிய 0டபிள்யூ-40 மார்ச்சில் அதே புட்டியின் எழுத்தைத் தாங்கிய வேறொரு திரவமாக இருக்கும். ஆயில் மூடியின் உட்புறத்தில் வெண்ணெய் போன்ற வெளிர்மஞ்சள் நுரை படிந்திருந்தால் அது தண்ணீர். அளவுக்கம்பியைத் துடைத்துச் செருகி எடுத்தால் மட்டம் குறையாமல், ஊற்றிய அளவுக்கும் மேலே ஏறியிருக்கலாம். முகர்ந்தால் பெட்ரோல் வாடை வரும். பெரும்பாலான கையேடுகளில் கடினமான ஓட்டம் என்ற தலைப்பின் கீழ், பந்தயத் தடத்து ஓட்டத்தைப் போலவே இந்தக் கடைத்தெரு ஓட்டமும் வைக்கப்பட்டு, ஆயிலைச் சீக்கிரம் மாற்றச் சொல்லியிருக்கும்.